ஒரு ‘ப’ செய்த வேலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இரண்டு பண்பாடுகள் சந்திக்கும் நகைச்சுவைப் படத்தில் சிரிப்பைத் தருவது மோதலா, தயக்கமா என்பது தலைப்பு. தயக்கமே என்பது எங்கள் அணியின் கட்சி.

இரண்டு பேர் முட்டிக்கொண்டால்தான் தியேட்டர் சிரிக்கும் என்றார் எதிரணித் தலைவர். முட்டிக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தும் யாருமே முட்டிக்கொள்ளாத ஒரு படத்தை அவர் முன் வைக்கிறேன். 2007-இல் எரான் கொலிரின் இயக்கிய இஸ்ரேலியப் படம் ‘தி பேண்ட்ஸ் விசிட்’. கிடைக்க வேண்டிய கவனம் இதற்கு நம்மிடையே கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

எகிப்தின் அலெக்சாண்ட்ரியா போலீஸ் வாத்தியக் குழு இஸ்ரேலுக்குக் கச்சேரிக்கு வருகிறது. எட்டுப் பேர், வெளிர்நீலச் சீருடை. போக வேண்டிய ஊர் பெட்டா டிக்வா. போய் இறங்குவதோ பாலைவனத்து பெட் ஹடிக்வா. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ ஒரு ஒலி, இரண்டாவது ‘ப’ வேறு ஒலி. அரபியில் இரண்டாவதுதான் உண்டு, முதலாவது கிடையாது. பெட்டா டிக்வாவில் இருப்பது முதல் ஒலி, பெட் ஹடிக்வாவில் இருப்பது இரண்டாவது. டிக்கெட் கவுண்டரில் கேட்ட குழுக்காரர் வாயில் ஊர் மாறிப்போனது. மறுநாள் வரை பஸ் இல்லை. இதில் யாரை யார் திட்டுவது?

அந்த இரவு முழுக்கக் குழுவினரும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொள்வது உடைந்த ஆங்கிலம். இரு தரப்புக்குமே அது சொந்த மொழி இல்லை. சொல் தேடி நிற்கும் அந்த நொடியில்தான் சிரிப்பு வருகிறது. கொடுமை என்னவென்றால், பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று சொல்லி, அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இதைச் சேர்க்கவில்லை. படத்தின் உயிரையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள்!

ஸ்கேட்டிங் அரங்கக் காட்சிக்கு வருகிறேன். பெஞ்சில் மூன்று பேர்: அழுகிற பெண், பக்கத்தில் கூச்சத்தில் உறைந்த உள்ளூர் இளைஞன் பாப்பி, அவனை ஒட்டி எகிப்திய இசைக்கலைஞன் காலித். காலித் கைக்குட்டையை நீட்டுகிறான். பாப்பி வாங்கி அவளிடம் தருகிறான். அடுத்து மது. அடுத்து காலித் பாப்பியின் முழங்காலில் கை வைக்கிறான்; பாப்பி அவள் முழங்காலில் வைக்கிறான். பாடம் நடத்துகிறவனும் படிக்கிறவனும் பேசவே இல்லை. மூவரும் ஒரே ஃபிரேமுக்குள் இருப்பதால்தான், காலித்தின் கை அசைந்து பாப்பியின் கை அசைவதற்குள் உள்ள தாமதம் நமக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் குளோசப் போட்டு வெட்டியிருந்தால் அந்தத் தாமதம் செத்திருக்கும், சிரிப்பும் கூடவே போயிருக்கும். வசனம் எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை நாலு முறையாவது பார்க்க வேண்டும்.

“இரண்டு நாடுகளும் போரிட்டவை, அதைப் படம் மறைக்கிறது” என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மறைக்கவில்லை ஐயா. 1979-இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நடந்த போர்கள் அந்த ஊரில் குழு சாப்பிட உட்காரும் உணவகத்தின் சுவரிலேயே இருக்கின்றன, ராணுவ டாங்கிப் படமாக. மேசையில் சாப்பாடு. கலைஞர்களில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்கிறார். வாயைத் திறக்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டுச் சாப்பிடுகிறார்.