சந்தை ஏறியது, வேலை போனது

வணக்கம், நேயர்களே.

2020 ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. 1948இல் மாதாந்திரக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அப்படியோர் எண் வந்ததில்லை. அதே மாதத்தில், 500 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஆகஸ்டில் புது உச்சத்தையே தொட்டது. ஊரெல்லாம் கதவடைத்துக் கிடக்கும்போது பங்குச் சந்தைக்கு மட்டும் என்ன கொண்டாட்டம் என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது. ஆனால் நாட்டின் நாடியைச் சந்தையில் பிடித்துப் பார்த்தால் கணக்கு தப்பத்தான் செய்யும்.

பக்கத்தில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி ஆண்டுதோறும் 100 லாபம் ஈட்டுகிறது, காலத்துக்கும் ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் 5 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் அதன் மதிப்பு 2,000; ஏனென்றால் 2,000இல் 5 சதவீதம்தான் 100. இப்போது நோய் பரவி, இந்த ஆண்டு லாபம் மொத்தமும் போய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து பழையபடி 100. மதிப்பு எவ்வளவு இறங்கும்? சுமார் 95தான்; ஆண்டு முடிவில் வரவேண்டிய 100க்கு இன்றைய மதிப்பு அவ்வளவுதான். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த கம்பெனிக்கு 5 சதவீதம்கூட முழுசாகக் குறையவில்லை. சரி, இதற்கிடையே வட்டி இறங்கி, முதலீட்டாளரின் எதிர்பார்ப்பும் 4 சதவீதமானால்? 100ஐ 4 சதவீதமாகக் கொண்ட தொகை 2,500; இந்த ஆண்டு இழப்பைக் கழித்தாலும் மதிப்பு 2,400ஐத் தாண்டிவிடும். ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்கவில்லை, பாருங்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. ஏப்ரல் ஏற்றத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று, குறியீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. தையல்காரரும் முடிதிருத்துபவரும் சின்னப் பட்டறைக்காரரும் அதில் கிடையாது. 2020இல் அந்த 500 கம்பெனிகளின் மொத்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஐந்தே தொழில்நுட்பக் கம்பெனிகளிடம் இருந்தது. மக்கள் வீட்டுக்குள் முடங்க முடங்க, அந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்கு வியாபாரம் கூடியது.

தலைகீழாகவும் நடக்கும். சீனாவின் ஷாங்காய் குறியீடு 2007 அக்டோபரில் 6,000 புள்ளிகளைத் தாண்டியது. அடுத்த 15 ஆண்டுகளில் அந்த நாட்டின் பொருளாதாரம் பல மடங்கு பெருத்தது. குறியீடு அந்த உச்சத்தைத் திரும்பத் தொடவில்லை. வளர்ச்சியின் பலன் சம்பளமாகப் போகலாம், போட்டியால் விலை குறைந்து வாங்குபவருக்குப் போகலாம், புதிதாக வெளியிடப்பட்ட பங்குகளுக்கும் பிரிந்து போகலாம். பழைய பங்குக்காரர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அந்தப் பங்கின் விலை.

முதன்முதலாகப் பங்கு வாங்கியபோது, அந்தக் கம்பெனிக்கே பணம் கொடுத்து வளர்த்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமிதம். என் பணம் போனது, பங்கை விற்றுவிட்டு வெளியேறிய இன்னொருவருக்கு! கம்பெனி புதுப் பங்கு வெளியிடும்போதுதான் அதன் கைக்குப் பணம் போகிறது. அன்றாட வர்த்தகம் பெரும்பாலும் கைமாற்றம்தான்.

அப்படியானால் சரிவைப் பற்றிக் கவலையே வேண்டாமா? அது யாருடைய பணத்தில் ஏறிய சந்தை என்பதைப் பொறுத்தது. 2000 மார்ச்சிலிருந்து 2002 அக்டோபர் வரை, தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. அதையொட்டி அமெரிக்காவில் வந்த பொருளாதார மந்தம் எட்டே மாதம் நீடித்தது. பணம் போனவர்களில் பலர் தங்கள் சேமிப்பைத்தான் இழந்தார்கள். அடுத்து வந்தது, வீட்டு விலைகள் தாறுமாறாக ஏறிப் பின்பு உடைந்த வீட்டுக்கடன் குமிழி. அது பெரும்பாலும் கடனில் ஊதியது. கடன் கொடுத்த வங்கிகளே அதில் மாட்டிக்கொண்டன. வங்கிகள் கையைச் சுருக்கியதும், பங்கென்றால் என்னவென்றே தெரியாத தொழிலாளிக்கும் வேலை போனது. மந்தம் 18 மாதம் இழுத்தது.

அதனால் 'குறியீடு 800 புள்ளி சரிவு' என்று செய்தி வந்தால் நான் முதலில் அதைச் சதவீதமாக்கிப் பார்ப்பேன். 80,000இல் 800 என்றால் ஒரு சதவீதம். டீயை ஆற விடாமல் குடிக்கலாம். அப்புறம் வங்கிப் பங்குகள் என்ன ஆயின, கம்பெனிகள் கடன் வாங்கும் வட்டி ஏறுகிறதா என்று தேடுவேன். அந்த இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால், அன்றைக்குச் செய்தியை முழுசாகப் படிப்பேன்.