ஈசியூ வாங்கும் முன் ட்யூனரைத் தேடுங்கள்

(திரையில்: பானெட் திறந்த கார். கையில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி.)

கார் மாடிஃபிகேஷன் என்றதும் எல்லாரும் முதலில் போவது சைலன்சர், ஏர் ஃபில்டர், அலாய் வீல் பக்கம்தான். கொஞ்சம் அலசிப் பார்த்தவர்கள் மட்டும் வந்து, "முதல் வேலையாக ஈசியூவையே மாற்றிவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். ஈசியூ என்பது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜினுக்குக் கட்டளை போடும் கம்ப்யூட்டர் பெட்டி. மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் மாட்டிய அன்றைக்கே கார் பறக்கும் என்று நினைத்து வாங்கினால் அப்புறம் வயிறு எரியத்தான் செய்யும்.

டர்போ இல்லாத, இன்னும் யாரும் கை வைக்காத ஒரு இன்ஜினில் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியைப் போட்டாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தெரிகிற மாதிரி பெரிய வித்தியாசம் வராது. கம்பெனிக்காரர்கள் கடுங்குளிர், கொளுத்தும் வெயில், மலையேற்றம், மட்டமான பெட்ரோல் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த மேப்பை, அதாவது ஈசியூ பார்த்து நடக்கும் எண் அட்டவணையை, எழுதியிருக்கிறார்கள், அதில் நமக்காக மிச்சம் வைத்திருப்பது கொஞ்சம்தான். டர்போ கார் என்றால் கதை வேறு. அங்கே பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தமே ஈசியூ சொல்படி நடக்கிறது, அதனால் ஒரிஜினல் ஈசியூவில் புது மேப் ஏற்றினாலே முதுகு சீட்டில் போய் ஒட்டும்.

அப்புறம் எதற்கு முதலிலேயே ஈசியூ? நாளைக்கு நீங்கள் மாட்டப் போகிற எல்லாமே அதனிடம் வந்துதான் நிற்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய ஈசியூவுக்கு அது தெரியாது, வழக்கமான நேரத்துக்கே திறந்து வைக்கும், பெட்ரோல் மட்டும் அள்ளிக் கொட்டும். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றினாலும் இதே கூத்துதான். என் கணக்கில் இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு: ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினில் ஈசியூவை மட்டும் மாற்றினால், கோளாறு வந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். டர்போ, இன்ஜெக்டர், ஈசியூ மூன்றையும் ஒரே வாரத்தில் மாட்டிவிட்டு, ஸ்டார்ட் ஆகாத காரின் முன்னால் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

(திரையில்: பல் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது.)

சரி, அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் இந்தப் பல் சக்கரத்தைப் பாருங்கள். மொத்தம் 60 பல்லுக்கான இடம், அதில் 2 பல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பல்லுக்குப் பல் 6 டிகிரி. அந்தப் பொக்கை சென்சாரைத் தாண்டும்போதுதான் கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஈசியூவுக்குப் பிடிபடும், அங்கிருந்து பல்லை எண்ணிக்கொண்டே போகும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் வினாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி, நாலு ஸ்ட்ரோக்கும் முடிய 20. இன்ஜெக்டரை அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்காதே என்பார்கள், அதாவது கையில் இருப்பது 17 மில்லிவினாடி, அதிலும் இன்ஜெக்டர் ஊசி எழும்பவே ஏறத்தாழ ஒன்று போய்விடும், பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்னும் கூட. இவ்வளவையும் கணக்கில் வைத்துக்கொண்டு ஈசியூ பார்ப்பது ஒரு அட்டவணையை: ஆர்பிஎம் ஒரு பக்கம், மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஒரு பக்கம், 16க்கு 16 என்றால் 256 கட்டம். தீப்பொறி எப்போது என்கிற இக்னிஷன் டைமிங்குக்கு இதே மாதிரி இன்னொன்று. ஒரிஜினலுக்குப் பதிலாக மாட்டுகிற புது ஸ்டாண்டலோன் ஈசியூவில் இந்தக் கட்டங்களில் இருப்பது, இன்ஜின் ஏதோ உயிர் பிடித்து ஓடட்டும் என்று போட்டுக் கொடுத்த எண்கள்தான். உங்கள் இன்ஜினுக்கு ஏற்ற எண்ணை யாராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.

அந்த ஆளை, அதாவது ட்யூனரைத்தான் முதலில் தேடச் சொல்கிறேன். ஈசியூ பிராண்டுகளில் ஹால்டெக் நல்லதா, லிங்க் நல்லதா, மோடெக் நல்லதா என்று ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறோமே, மூன்றுமே நல்லதுதான், ஒவ்வொன்றுக்கும் சாஃப்ட்வேர் வேறு. நீங்கள் காரைக் கொண்டுபோய் விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ட்யூனருக்கு எது கை வந்ததோ அதுதான் உங்களுக்கு நல்ல ஈசியூ. பெட்டியை வாங்கிவிட்டு ட்யூனரைத் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற காலைத் தேடுகிற மாதிரி. அவரிடம் போனதும் பவர் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள், "கோல்ட் ஸ்டார்ட் ட்யூன் பண்ண கார் எத்தனை ராத்திரி இங்கே நிற்கணும்?" என்று கேளுங்கள். ஃபுல் த்ராட்டில் மேப் டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவர் அளக்கும் மெஷினில்) ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கோல்ட் ஸ்டார்ட்டைச் சோதிக்க முடியும், காலையில் ஒரு தடவை முயன்று தப்பாகப் போனால் மறுபடி அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தினமும் ஓட்டுகிற காரில் இதுதான் உயிரை எடுக்கும், ஏசி போட்டதும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) விழுவது அடுத்தது.

(திரையில்: மூன்று பெட்டிகள் வரிசையாக.)

வகைகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். இருக்கிற ஈசியூவில் புது மேப் ஏற்றுவது ரீஃப்ளாஷ். உங்கள் காருக்கு அது கிடைக்கிறது, திட்டமும் சின்னது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீட்டர், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எதுவும் முறுக்கிக்கொள்ளாது. பிக்கிபேக் என்பது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிற பெட்டி. நீங்கள் மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஒரிஜினல் ஈசியூ அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும், எனக்கு இது பிடிக்காது. ஸ்டாண்டலோனில், பழைய சாக்கெட்டிலேயே செருகுகிற பிளக்-இன் உங்கள் காருக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள், இல்லையென்றால் வயரிங்கை முழுக்கப் புதிதாக இழுக்க வேண்டும். நாமே கூட்டிச் சேர்க்கிற மெகாஸ்குவர்ட், அர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஓடுகிற ஸ்பீடுயினோ எல்லாம் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அருமையான பள்ளிக்கூடம், ஆனால் ஒரே கார்தான் இருக்கிறது, அதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேண்டாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரா, அதாவது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற வகையா? அந்த இன்ஜெக்டரைத் திறக்கவே சுமார் 65 வோல்ட் வேண்டும், பல ஸ்டாண்டலோன்களால் அதை நேரடியாக இயக்க முடியாது, கேட்காமல் வாங்காதீர்கள். புகைப் பரிசோதனையும் சட்டமும் உங்கள் பக்கம் எப்படி என்பதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

(திரையில்: புல்லி மீது டைமிங் லைட்.)

நான் முதல் தடவை மாட்டியபோது காந்த வகை கிராங்க் சென்சாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். கார் ஸ்டார்ட் ஆனது, அதுதான் வம்பு. ஐடிலில் பூனை மாதிரி நின்றது, 3500 தாண்டினால் இருமல். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், பெட்ரோல் பம்ப் வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் ட்யூனர் வந்து சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னுகிற டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியில் அடித்தார். லேப்டாப்பில் 10 அசையாமல் நிற்கிறது, புல்லியில் இருக்கிற வெள்ளைக் கோடு ஆர்பிஎம் ஏற ஏற நகர்ந்துகொண்டே போகிறது. இரண்டு வயரையும் மாற்றினார், கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. லைட் அடித்துப் பார்க்காமல் யாராவது மேப் எழுத ஆரம்பித்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கு இடம் விடுங்கள். பழைய கார்களில் வருகிற நேரோபேண்ட், காற்று-பெட்ரோல் கலவை 14.7க்கு 1 என்பதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. ஃபுல் த்ராட்டிலில் நமக்கு வேண்டியதே அந்தத் தூரம்தான். நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பது) கேட்க ஒரு வழியும் வேண்டும், பிஸ்டனை உடைப்பது அதுதான். பெட்டிக்கு ஆர்டர் போடும் முன் கம்ப்ரஷன், பெட்ரோல் அழுத்தம் இரண்டையும் சோதித்து எழுதி வையுங்கள், ஏற்கெனவே மூச்சு வாங்குகிற சிலிண்டரை எந்த மேப்பும் தேற்றாது.

கழற்றிய ஒரிஜினல் ஈசியூவை ஆசைப்பட்டு விற்றுவிடாதீர்கள். பிளக்-இன் போட்டிருந்தால், டயக்னாஸ்டிக் ஸ்கேனரோடு ஒருவர் வரும் நாளிலோ காரை விற்கும் நாளிலோ பத்து நிமிடத்தில் அதைத் திரும்பச் செருகிவிடலாம். ஈரம் படாமல் ஒரு டப்பாவில் போட்டு, மேலே கார் மாடலையும் வருடத்தையும் எழுதி வையுங்கள்.