முருகனைத் தேடினால் மார்கன் வருகிறார்! அமெரிக்க கவுண்டி கோர்ட் ஃபைலைத் தேடுவது எப்படி?

(திரையில்: ஒரு தேடல் பெட்டி. ‘முருகன்’ என்று தட்டுகிறோம். கீழே வரிசையாக மார்கன், மார்கன், மார்கன்.)

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். தேடியது முருகன். வந்திருப்பவர் மார்கன். கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றால் அதெல்லாம் இல்லை, அது நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறது, அந்தக் கணக்குப்படி நம் முருகனும் அந்த மார்கனும் ஒரே ஆள். அது என்ன கணக்கு என்று சொல்கிறேன். இந்த வீடியோவிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான், அதனால் ஓட்டிவிடாமல் பாருங்கள்.

வணக்கம் மக்களே. அமெரிக்காவில் ஒரு ஆள் மேல் வழக்கு இருக்கிறதா, என்ன ஆயிற்று என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடியும், பல இடங்களில் காசே இல்லாமல். எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். என் நண்பர் ஒருவர் சமையலறையைப் புதுப்பிக்க ஒரு காண்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுத்தார். பழைய அலமாரியை எல்லாம் பெயர்த்துப் போட்டுவிட்டு ஆள் மாயம். மூன்று மாதம் கார் நிறுத்தும் ஷெட்டில் இண்டக்ஷன் அடுப்பு வைத்து சாம்பார் கொதித்தது. அப்புறம்தான் கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அதன் கோர்ட் தளத்தில் அந்த கம்பெனி பெயரைப் போட்டுப் பார்த்தோம். இதே மாதிரி முன்பணக் கதை, நான்கு பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள்! கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, சட்டப் பின்னணி. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கோர்ட் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுவான உரிமை உண்டு என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் நிக்சனின் ஒலிப்பதிவு டேப் விவகாரத்தில் வந்த ஒரு வழக்கில் சொன்னது. நம்ம ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி இங்கே இருக்கும் கூட்டாட்சிச் சட்டம் அரசுத் துறைகளுக்கு மட்டும்தான், கோர்ட்டுக்குப் பொருந்தாது, அதனால் அந்த மனுவை எழுதிக்கொண்டு அலையாதீர்கள். பின்னணி முடிந்தது.

இப்போது முதல் தலைவலி. இந்தியாவில் மாவட்ட கோர்ட்டில் ஒரு வழக்கு போட்டால் அதற்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சி.என்.ஆர். எண் கிடைக்கும், அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் திருநெல்வேலியோ திப்ருகரோ எந்த ஊர் வழக்கானாலும் வந்து நிற்கும். இத்தனை கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கும் அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையாது! நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் கவுண்டி. நான் இருக்கும் டெக்சாஸில் மட்டும் 254. பல மாநிலங்களில் கவுண்டிக்குக் கவுண்டி வேறு தளம், வேறு விதி. சில மாநிலங்கள் புண்ணியம் கட்டிக்கொண்டு எல்லாக் கவுண்டியையும் ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன. விஸ்கான்சின் 1999-இலிருந்தே இலவசமாகக் காட்டுகிறது, மேரிலாந்து, மிசௌரி இரண்டிலும் மாநிலம் முழுவதையும் ஒரே பெட்டியில் தேடலாம். இதற்கு நேர் எதிர் கலிஃபோர்னியா. அங்கே கிரிமினல் வழக்கு, குடும்ப வழக்கு ஆவணங்களை வீட்டிலிருந்து திறக்க மாநில விதியே தடுக்கிறது, கோர்ட்டுக்கு நேரில் போய் அங்கே வைத்திருக்கும் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும்.

நியூயார்க் தனிக் காமெடி. அங்கே இருப்பவர் ‘என் விவாகரத்து கேஸ் சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறது’ என்றால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். பதற வேண்டாம், நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது முதலில் வழக்கு விசாரிக்கும் கோர்ட்டின் பெயர். அந்த மாநிலத்தின் உச்சிக் கோர்ட்டுக்கு அப்பீல் கோர்ட் என்று பெயர். யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வைத்திருக்கிறார்கள்.

ஆக, முதலில் கண்டுபிடிக்க வேண்டியது எந்தக் கவுண்டி. அந்த ஆள் இப்போது குடியிருக்கும் கவுண்டி இல்லை, வழக்கு நடந்த கவுண்டி. டாலஸ் பக்கம் டாலஸ், காலின், டென்டன், டாரண்ட் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, ஃபிரிஸ்கோ ஊர் காலினிலும் டென்டனிலும் பாதிப் பாதி விழுகிறது, அதனால் நான் நான்கிலும் தேடிவிடுவேன்.

அடுத்தது எந்த ஆபீஸ் கவுண்டர். டெக்சாஸில் ஒரே கவுண்டியில் இரண்டு கிளார்க், அதாவது ஆவணங்களை வைத்திருக்கும் அதிகாரிகள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் பெரிய குற்ற வழக்கு, விவாகரத்து, பெரிய தொகை சிவில் வழக்கு. கவுண்டி கிளார்க்கிடம் சின்னக் குற்ற வழக்கு, உயில், கல்யாண லைசென்ஸ், நிலப் பத்திரம். வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்கும் 20,000 டாலர் வரையான சில்லறைப் பணத் தகராறும் இந்த இரண்டு பேரிடமும் இருக்காது, அது ஜே.பி. கோர்ட், அதாவது ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ என்ற சின்ன வழக்கு கோர்ட். எங்கள் காண்ட்ராக்டர் மாட்டியதும் அங்கேதான். நகரப் போலீஸ் கொடுத்த ஸ்பீடிங் டிக்கெட்டா, அது பெரும்பாலும் நகர முனிசிபல் கோர்ட், கவுண்டி தளத்தில் வராது. ‘தேடினேன், ஒன்றுமில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தப்பான கவுண்டரில் நின்றவர்கள் என்பது என் கணிப்பு.

(திரையில்: மறுபடி முருகனும் மார்கனும், நடுவில் சமன் குறி.)

சரி, வாங்க, முருகன் கதைக்கு. எந்தத் தளமானாலும் முதலில் கேட்பது கடைசிப் பெயர், அப்புறம் முதல் பெயர். சில தளங்களில் பக்கத்திலேயே ‘சவுண்டெக்ஸ்’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். எழுத்துப்படி தேடாமல் ஒலிப்படி தேடு என்று அர்த்தம். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு எத்தனை வருஷம் முன்னால் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் யோசித்தது அட்டைகளுக்கும் கோப்பு டிராயர்களுக்கும். பின்னால் 1930-களில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுக்கு இந்த முறையில் அட்டை எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பெரியவர்களுக்கு வயதை நிரூபித்து ஓய்வூதியம் வாங்க அது தேவைப்பட்டது.

முறை ரொம்ப சுலபம். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வை. மிச்சத்தில் உயிரெழுத்து எல்லாவற்றையும் தூக்கு, எச், டபிள்யூ, ஒய் மூன்றையும் தூக்கு. மீதிக்கு எண் போடு. பி, பி, எஃப், வி என்ற உதட்டு எழுத்துகளுக்கு, அதாவது ‘பட்டு’ பி, ‘பந்து’ பி இரண்டும் சேர்த்து, 1. கே, ஜி, எஸ், இசட் கும்பலுக்கு 2. ‘டாலஸ்’ டி-யும் ‘தாமஸ்’ டீ-யும் 3. எல் 4. எம், என் 5. ஆர் 6. ஒட்டி நிற்கும் எழுத்துகளுக்கு ஒரே எண் வந்தால் ஒரு தடவை மட்டும் எழுது. மூன்று எண் ஆனதும் நிறுத்து. முருகனில் எம் நிற்கிறது, ஆருக்கு 6, ஜி-க்கு 2, என்-னுக்கு 5. எம்-625. மார்கனைப் போடுங்கள். எம், ஆர், ஜி, என். எம்-625. முடிந்தது கதை! செல்வனைப் போட்டால் சல்லிவன். கண்ணனைப் போட்டால் கீனன். மணியைப் போட்டால் மூனி. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஐரிஷ் ஜோடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் திட்டு.

இதில் எனக்கு என்ன சந்தோஷம் என்றால், உதட்டு ஒலி இரண்டுக்கும் ஒரே எண், கே-க்கும் ஜி-க்கும் ஒரே எண், டி-க்கும் டீ-க்கும் ஒரே எண் என்கிறாரே ரஸ்ஸல், இதைத்தானே நம் எழுத்து எத்தனையோ நூற்றாண்டாகச் செய்துகொண்டிருக்கிறது? ப ஒன்றுதான், பட்டுக்கும் பந்துக்கும். க ஒன்றுதான், கல்லுக்கும் தங்கத்துக்கும். ‘தமிழில் நாலு க இல்லையே’ என்று யாராவது இனி குறை சொன்னால், காப்புரிமை வாங்குகிற அளவுக்கு அது நல்ல யோசனை என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் நம் பெயர்களிடம் சவுண்டெக்ஸ் தோற்கும் இடமும் உண்டு. லக்ஷ்மியை எக்ஸ் போட்டு எழுதினாலும் கே-எஸ்-எச் போட்டு எழுதினாலும் பிடித்துவிடும். சுப்ரமணியன், சுப்ரமணியம் இரண்டும் பிடிக்கும். முதல் எழுத்து மாறினால் அவ்வளவுதான். இந்தியாவில் ‘டாலஸ்’ டி போட்டு எழுதும் தர்மலிங்கம் யாழ்ப்பாணக்காரரானால் பெரும்பாலும் ‘தாமஸ்’ டீ போட்டுத் தொடங்குவார், கம்ப்யூட்டருக்கு இவர்கள் இருவரும் யாரோ யாரோ. சிதம்பரம் எஸ்-ஸில் ஒருவர், சி-எச்-சில் ஒருவர். உச்சகட்டம் தமிழ்ச்செல்வன். ழ-வுக்கு எல் போட்டால் ஒரு எண், இசட்-எச் போட்டால் வேறு எண். சிறப்பு ழகரம் கவுண்டி கோர்ட்டிலும் சிறப்புதான்.

அப்புறம் இனிஷியல் பிரச்சினை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் விசாவில் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அது அப்படியே டிரைவிங் லைசென்ஸுக்குப் போகும், அங்கிருந்து டிக்கெட்டுக்கு, அங்கிருந்து கோர்ட் ஃபைலுக்கு. எஃப்.என்.யு என்று தட்டிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாம் அந்த ஒரே முதல் பெயரில் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் நம்மவர் பெயரைத் தேடும்போது முன்பின்னாக மாற்றி இரண்டு தடவை தேடுங்கள், அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு ஒரு தடவை, கல்யாணமான பெண்ணென்றால் கணவர் பெயரோடு ஒரு தடவை. நீளப் பெயரை முழுதாக அடிக்காமல் முதல் நான்கைந்து எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போடுங்கள், பல தளங்கள் ஏற்கும். வியாபாரி என்றால் ஆள் பெயரை விட கம்பெனி பெயர் முக்கியம். முக்கியமான எச்சரிக்கை: பெயர் ஒத்துப்போனால் ஆள் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பிறந்த தேதியோ வருஷமோ முகவரியோ ஒன்றாவது பொருந்த வேண்டும். ஒரு கவுண்டியில் எத்தனை பட்டேல், எத்தனை குமார்!

ஃபைல் கிடைத்துவிட்டது. உள்ளே தேதி வரிசையில் நடந்ததெல்லாம் இருக்கும், அதை டாக்கெட் என்பார்கள். நேராக ‘டிஸ்போசிஷன்’ என்ற வரிக்குப் போங்கள், வழக்கு எப்படி முடிந்தது என்பது அங்கேதான். வழக்குப் போடப்பட்டது என்பதும் குற்றம் நிரூபிக்கப்பட்டது என்பதும் ஒன்றில்லை. ‘டிஸ்மிஸ்ட்’ என்றிருந்தால் அந்த ஆளை வாட்ஸ்அப் குழுவில் வறுக்காதீர்கள், தயவுசெய்து.

ஒன்றுமே கிடைக்கவில்லையா? சிறார் வழக்கு, தத்தெடுப்பு எல்லாம் பொதுவாக மூடிய கோப்பு. சீல் செய்தது, அழிக்கப்பட்டது என்றும் உண்டு. பென்சில்வேனியா 2018-இல் சட்டம் போட்டு, தகுதியுள்ள பழைய சின்ன வழக்குகளைத் தானாகவே மறைக்கிறது. ரொம்பப் பழைய ஃபைல் தளத்தில் ஏறியிருக்காது, கிளார்க் ஆபீஸுக்குப் போனால் மைக்ரோஃபிலிமில் கிடைக்கலாம். போய்க் கேளுங்கள், பயப்படாதீர்கள், எதற்குக் கேட்கிறாய் என்று பொதுவாக விசாரிக்க மாட்டார்கள். நகலுக்குப் பக்கக் கணக்கில் காசு. ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், முத்திரை போட்ட சான்று நகல் என்றால் மேலே 2 டாலர். கலிஃபோர்னியாவில் சாதா நகல் பக்கத்துக்கு 50 சென்ட்.

முத்திரை நகல் நம்மவர்களுக்கு ஏன் தேவை என்றால் கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப். எப்போதோ கைதாகி, வழக்கு டிஸ்மிஸ் ஆகியிருந்தாலும், எப்படி முடிந்தது என்று கோர்ட்டின் சான்று நகலை குடியேற்றத் துறை கேட்கும். ரெக்கார்டை அழித்துவிட்டால் சொல்ல வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. குடியேற்றத் துறையிடம் அது செல்லாது, அழித்ததையும் சொல்லியாக வேண்டும். கொடுமை என்னவென்றால், அழித்த பிறகு நகல் கேட்டால் கிளார்க்கிடமும் இருக்காது! அதனால் அழிக்க மனுப் போடுவதற்கு முன்னால் இரண்டு சான்று நகல் வாங்கி வீட்டில் பூட்டி வையுங்கள், உங்கள் வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டாட்சி வழக்கு, உதாரணமாக திவால் வழக்கு, கவுண்டியில் இருக்காது, அது பேசர் என்ற தனித் தளம், பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் பில்லே வராது. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

அப்புறம், கூகுளில் ஒரு பெயரைப் போட்டதும் மேலே வருமே, ‘அதிர்ச்சித் தகவல் கிடைத்திருக்கிறது’ என்று ஒரு பட்டை ஓடி ஓடி, கடைசியில் கிரெடிட் கார்டு கேட்கும் தளங்கள், அவை கோர்ட் இல்லை. இதே பொதுத் தகவலைத்தான் வாரி வைத்திருப்பார்கள், அதுவும் பழசாக இருக்கலாம், முருகன் பக்கத்தில் மார்கனின் குற்றமும் ஒட்டியிருக்கலாம். கவுண்டி பெயரோடு ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ என்று சேர்த்துத் தேடி, அரசுத் தளம்தானா என்று முகவரியின் கடைசியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வேலைக்கு ஆள் எடுக்கவோ வாடகைக்கு ஆள் வைக்கவோ காசு கொடுத்து அறிக்கை வாங்குவதென்றால் 1970-இல் வந்த கிரெடிட் அறிக்கைச் சட்டம் இருக்கிறது, அந்த ஆளின் எழுத்துப்பூர்வ சம்மதம் மாதிரி நிபந்தனைகள் உண்டு. அந்த மாதிரி தளங்களின் கீழே பொடி எழுத்தில் ‘இதற்கெல்லாம் எங்களைப் பயன்படுத்தாதே’ என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா?

வீட்டுப்பாடம் ஒன்று. முதலில் உங்கள் சொந்தப் பெயரை உங்கள் கவுண்டியில் தேடிப் பாருங்கள், கட்டிவிட்டதாக நினைத்த பழைய டிக்கெட் ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்புறம் பெயருக்கு சவுண்டெக்ஸ் போட்டு, எந்த வெள்ளைக்காரர் உங்களுக்கு ஜோடி என்று கமெண்ட்டில் எழுதுங்கள். கார்த்திக் என்று பெயருள்ளவர்கள் மெனக்கெட வேண்டாம், போட்டுப் பார்த்துவிட்டேன், நீங்கள் கர்ட்ஸ்.