மருந்தென்றால் அளவு வேண்டும்: ‘ஹோமியோபதிக்கு அரசு மருத்துவமனையில் இடம் வேண்டாம்’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

“அரசு மருத்துவமனையில் ஹோமியோபதி மருந்துக்கு இடம் வேண்டுமா, வேண்டாமா?” என்பது தலைப்பு. வேண்டாம் என்று வாதாட வந்திருக்கிறோம். எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை அழுத்திச் சொல்லிவிட்டு அமர்ந்தார். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஹோமியோபதி மருத்துவமனையில்தான் சாவு குறைவு என்றார். பக்கவிளைவே கிடையாது என்றார். சிறுநீரகக் கல், மரு என்று வந்தவர்களெல்லாம் குணமாகிப் போகிறார்களே, அவர்கள் பொய்யா சொல்கிறார்கள் என்றும் கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை ஐயா. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பதிலுக்குப் போகுமுன், இந்த மருந்து எப்படித் தயாராகிறது என்று அவை பார்த்துவிட வேண்டும். மூலிகை மருந்து என்று நினைத்துத்தான் பலர் இதை வாங்குகிறார்கள்.

நேட்ரம் மூர் என்றொரு மருந்து. துக்கத்தை உள்ளுக்குள் அடக்கி வைப்பவர்களுக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, தும்மலோடு வரும் சளிக்கு எழுதித் தருவார்கள். மூலப்பொருள் சமையல் உப்பு. உப்பு ஒரு பங்கு, நீர் 99 பங்கு. கரைத்துக் குலுக்கினால் முதல் வீரியம். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து, நீரோ ஆல்கஹாலோ 99 பங்கு சேர்த்து, குப்பியை உள்ளங்கையிலோ மெத்தென்ற பரப்பிலோ பத்து முறை ஓங்கித் தட்டினால் இரண்டாம் வீரியம். இப்படி முப்பது முறை செய்தால் கடையில் விற்கும் ‘30 வீரியம்’. இருநூறு முறை செய்தால் ‘200’. அந்தத் திரவத்தில் சில துளிகளை வெறும் சர்க்கரை உருண்டைகள் மேல் விட்டு ஊறவைத்து, டிராம் பாட்டில் எனப்படும் சிறு குப்பியில் போட்டுத் தருகிறார்கள்.

இப்போது கணக்கு. ஒரு கிராம் உப்பில் உள்ள சோடியம்–குளோரைடு இணைகளை, அதாவது உப்பின் ஆகச் சிறிய அலகுகளை, எண்ணினால் 1க்குப் பின் 22 சுழியம் வரும். முதல் வீரியத்தில் ஒரு மில்லியில் இருப்பது 20 சுழியம். ஒவ்வொரு படியிலும் இரண்டு சுழியம் கழியும். பதினோராவது படிக்கு வரும்போது ஒரு மில்லிக்குச் சராசரியாக ஒரே ஓர் இணை. பன்னிரண்டாவது படியில் நூறு மில்லி குடித்தால்தான் அந்த ஒன்றும் கிடைக்கும். அதற்குப் பிறகும் 18 படிகள் இருக்கின்றன. 30 வீரியத்தில் ஓர் இணையாவது அகப்பட வேண்டுமென்றால், சூரியனைப்போல் பல்லாயிரம் மடங்கு எடையுள்ள நீரைக் குடித்தாக வேண்டும். மருந்து இருக்கும் கண்ணாடிக் குப்பியின் சுவரிலிருந்து கசியும் சோடியமே அதைவிட எத்தனையோ கோடி மடங்கு அதிகம்.

எதிரணியினர் உடனே சொல்வார்கள்: “பொருள் போனாலும் அதன் ஆற்றல் நீரில் பதிந்திருக்கிறது; அளவைப் பார்க்காதீர்கள், விளைவைப் பாருங்கள்.” சரி, விளைவையே பார்ப்போம். இதே உப்பை, இதே 30 வீரியத்தை, 1835இலேயே ஒரு நகரம் சோதித்துப் பார்த்திருக்கிறது.

ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம். ஹோமியோபதியில் ஒன்றுமில்லை என்று எழுதினார் ஃபான் ஹோவன் என்ற மருத்துவர். அந்த ஊர் ஹோமியோபதி மருத்துவர் ராய்ட்டர், “உப்பை 30 வீரியத்தில் சாப்பிட்டுப் பாருங்கள், அநேகமாக உடம்பில் ஏதாவது தெரியும்” என்ற தொனியில் அறைகூவல் விட்டார். ஊர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு ஒரு விடுதியில் பொதுக்கூட்டம் போட்டார்கள். பனிநீரைக் காய்ச்சி வடித்தெடுத்து, அதில் உப்பைக் கரைத்து, எல்லோர் கண்முன்னும் படிப்படியாக நீர்த்தார்கள். நூறு குப்பிகளுக்கு எண் போட்டுக் கலைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் உப்பு மருந்து, மறுபாதியில் வெறும் நீர். எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு வைத்தார்கள். வாங்கிப் போனவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பது எது என்று தெரியாது; கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். குப்பி வாங்கிய 54 பேரில் 50 பேரிடமிருந்து தகவல் வந்தது. 42 பேருக்கு எதுவும் தெரியவில்லை. ஏதோ தெரிந்தது என்றவர்கள் எட்டுப் பேர். முத்திரையை உடைத்துப் பார்த்தால் அதில் ஐந்து பேர் மருந்து குடித்தவர்கள், மூன்று பேர் வெறும் நீர் குடித்தவர்கள். நடுவர் அவர்களே, வெறும் நீர் குடித்த அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மருந்தென்று நம்பி விழுங்கிவிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதாவது தெரியும். அதனால்தான் எண் போட்ட குப்பியும் முத்திரையும் தேவைப்படுகின்றன.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைக் காட்டினார். 89 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஹோமியோபதிக்குச் சாதகமான விடை வந்தது உண்மை. அதை எழுதிய லிண்டே குழுவினரே 1999இல் அதே தரவை மறுபடி ஆராய்ந்து, சோதனையின் தரம் கூடக்கூடப் பலன் சுருங்குகிறது என்று எழுதினார்கள். அதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 2015இல் ஆஸ்திரேலிய அரசின் தேசிய நலவாழ்வு மருத்துவ ஆராய்ச்சிக் குழு, 61 நோய்நிலைகளுக்கு நடந்த 176 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை இதை எழுதித் தர வேண்டாம் என்றது. 2021 தொடக்கத்திலிருந்து பிரான்ஸ் காப்பீட்டுப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

இனி காலராவுக்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணியின் மிக வலுவான வாதம் அதுதான். 1854இல் லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். மற்ற மருத்துவமனைகளில் பாதிக்கு மேல். எண்ணிக்கையை நாங்கள் மறுக்கவில்லை. அந்த மற்ற மருத்துவமனைகளில் என்ன செய்தார்கள்? ஏற்கெனவே உடம்பின் நீரெல்லாம் வற்றிக் கிடப்பவரின் நரம்பைக் கீறி இரத்தம் எடுத்தார்கள். பாதரசம் கலந்த கலோமலைக் கொடுத்தார்கள். பேதியாகிறவருக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ஹோமியோபதி மருத்துவமனை இந்தக் கொடுமைகளைச் செய்யவில்லை. நோயாளிகள் பலர் தப்பித்தார்கள். இரத்தம் எடுப்பதை ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமன் எதிர்த்தது சரி, அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்கிறோம். ஆனால் அந்த எண்ணிக்கை சொல்வது அன்றைய மற்ற வைத்தியத்தின் கேட்டைத்தான். சர்க்கரை உருண்டைக்கு அதில் பங்கில்லை.

காலராவைத் தோற்கடித்தது எது? அதுவும் உப்புதான்! 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த காலரா நோயாளிகளின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தி எழுப்பி உட்கார வைத்தார். நியூரம்பெர்க் சோதனைக்கு மூன்றே ஆண்டு முன்னால். உலகம் அதை மறந்துபோனது. 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்தின் பனகாவ்ன் முகாமில் குவிந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இவற்றைத் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுத்தார்: ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு மூன்றரை கிராம், சோடா உப்பு இரண்டரை கிராம். டிரம்மில் கரைத்து வைக்க, உறவினர்களே குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

அங்கே உப்பு வேலை செய்ததற்குக் காரணம் அளவு. குடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே நீர் போகிறது. காலரா மற்ற வழிகளைக் கெடுத்தாலும் இந்த வழியைக் கெடுப்பதில்லை. அளவு மாறினால் உடனே தெரியும். இன்றைய ஓஆர்எஸ் என்னும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் 20.5 கிராம் தூள். அதில் உப்பு 2.6 கிராம். அதை ஒரு லிட்டரில் கரைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிட்டால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். சர்க்கரையைக் கூட்டிவிட்டால் குடல் நீரை இழுத்துப் பேதி அதிகமாகும். கூட்டினால் கெடுக்கும், குறைத்தால் பயன்படாது. மருந்தின் இயல்பே இதுதான். முப்பது முறை நீர்த்தாலும் இருநூறு முறை நீர்த்தாலும் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை எப்படி மருந்துப் பட்டியலில் வைப்பது?

“அப்படியானால் கல் கரைந்ததே, மரு உதிர்ந்ததே?” ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் சிறுநீரகக் கல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தானாகவே வெளியேறிவிடும். குழந்தைகளுக்கு வரும் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டே ஆண்டில் தானாக மறைந்துவிடும். கல்லுக்குக் கொடுத்த பெர்பெரிஸ் உருண்டையும் மருவுக்குக் கொடுத்த தூஜா உருண்டையும் அந்த நாட்களில் கூட இருந்தன, அவ்வளவுதான். ஆனால் பத்து மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் அப்படிப் போகாது. சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொண்டு, வலி நின்றுபோனாலும் உள்ளே சிறுநீரகத்தை வீங்க வைத்துக் கெடுக்கலாம். வலி நின்றதைக் குணமென்று எடுத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்காமல் விட்டால் ஒரு சிறுநீரகமே போய்விடலாம்.

இங்கேதான் எங்கள் அணியின் உண்மையான கவலை இருக்கிறது. உருண்டை கெடுப்பதைவிட, உருண்டையை நம்பிப் போகும் நாட்கள் அதிகம் கெடுக்கின்றன. ஹோமியோபதியில் ஒரு கொள்கை உண்டு: மருந்து சரியாகப் பொருந்தினால் நோய் முதலில் கூடிப் பிறகு குறையும் என்பார்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு இளைப்பு கூடுகிறது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக் காத்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு: சட்டையைக் கழற்றி, குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு. இரண்டு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரை 50ஐத் தொட்டாலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40ஐத் தொட்டாலோ நிமோனியாவாக இருக்கலாம், உடனே கொண்டு வா. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே இருக்காதே, கிளம்பு. இந்த நான்கு வரி காப்பாற்றும் உயிர்களை எந்த வீரியமும் காப்பாற்றாது.

இன்சுலினை நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரைக்காரர் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கிவிடுவார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். மார்பில் கட்டியென்று வந்தவருக்கு ஆறு மாதம் உருண்டை கொடுத்தால், அந்த ஆறு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் ஆகாது.

பக்கவிளைவு பற்றி: உயர்ந்த வீரியத்தில் ஒன்றும் இல்லாததால் பக்கவிளைவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘1 எக்ஸ்’ என்றால் பத்தில் ஒரு பங்கு மூலப்பொருள். ஆர்சனிக் கலந்த 1 எக்ஸ் மருந்தைச் சர்க்கரை நோய்க்கும் தோலில் வரும் வெண்திட்டுக்கும் சாப்பிட்டவர்கள் கைகால் விளங்காமலும், தோல் கருத்துத் தடித்தும் வந்ததை 2003இல் கொல்கத்தா ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா ஒன்றில் ஓர் அளவாக, சிலவற்றில் லேபிளில் போட்டதைவிட மிக அதிகமாக இருப்பதைக் கண்டது. பெல்லடோனா என்பது ஊமத்தையின் குடும்பம். ஒன்றுமே இல்லாத உருண்டையும் நஞ்சுள்ள மருந்தும் ஹோமியோபதி என்ற ஒரே பெயரில், ஒரே அலமாரியில் விற்கப்படுவது ஆபத்து.

எதிரணியிடம் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. நோயாளியைத் ‘துயரர்’ என்று அழைக்கிறார்கள். தூக்கம், பசி, பயம், கனவு என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். நம் வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பப்படும் ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரமே பெரிய ஆறுதல். அது கிடைக்காததால்தான் மக்கள் அங்கே போகிறார்கள் என்று அலோபதி மருத்துவர்களும் உணர வேண்டும். ஆனால் கேட்பதற்குப் பிறகு பொய்யான மருந்து கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே, நாங்கள் கேட்பது இது. அரசு மருந்துக் கொள்முதலில் 12க்கு மேற்பட்ட வீரியங்களுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. தனியார் கடையில் விற்கிற பாட்டிலில், மூலப்பொருள் ஒரு மில்லியில் எவ்வளவு என்று தமிழில் அச்சிட வேண்டும்; இல்லையென்றால் ‘இல்லை’ என்று அச்சிட வேண்டும். 2020 ஜனவரியில் கொரோனாவுக்குத் தடுப்பாக ஆர்சனிகம் ஆல்பம் 30ஐ வெறும் வயிற்றில் மூன்று நாள் சாப்பிடுமாறு மத்திய ஆயுஷ் அமைச்சகம் அறிவுறுத்தியதுபோல், தொற்றுநோய்க் காலத்தில் இனியொரு முறை நடக்கக் கூடாது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற ஹோமியோபதி மருத்துவர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்தவர்கள் அவர்கள். மேற்பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம் பார்க்க, ஓஆர்எஸ் கரைக்கக் கற்றுக்கொடுக்க, மூச்சை எண்ணி எந்தக் குழந்தையை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க அவர்களை அமர்த்துங்கள். அந்த ஒரு மணி நேரக் கேட்பையும் அவர்கள் கூடவே கொண்டு வரட்டும்.