தலைக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாடு தன் திரைத்துறையைத் திட்டம் போட்டு வளர்க்க முடியுமா என்று பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. என் பிழைப்பு படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகும் 'ரெப்' வேலையில் தொடங்கியது. இளைய நேயர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். படத்தை வாங்கிய விநியோகஸ்தர், தியேட்டரில் உண்மையிலேயே எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்துவர ஒரு ஆளை அனுப்புவார். அந்த ஆள்தான் ரெப். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் தாளில் மேனேஜர் எண்களை நிரப்புவார். ரெப் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

எண்பதுகளின் நடுவில், திருநெல்வேலி – கன்னியாகுமரி ஏரியாவில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். மேட்னி காட்சிக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் நீட்டிய டிக்கெட்டில் சுண்ணாம்பு விரல் பட்டு ஒரு வெள்ளைத் தடம். வாசல்காரர் அதை வாங்கினார், கிழிக்கவில்லை. சாயங்காலக் காட்சிக்கு ஒரு பையன் கவுண்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான். அதே டிக்கெட், அதே சுண்ணாம்புத் தடம். கிழிக்காத டிக்கெட் சட்டைப்பையில் ஏறி, பின்பக்கமாகக் கவுண்டருக்கே திரும்பி, இரண்டாம் தடவை விற்றிருக்கிறது. டி.சி.ஆரில் அது ஒரு டிக்கெட்தான்.

மேனேஜரிடம் போய், "அண்ணாச்சி, இது மத்தியானமே வித்த டிக்கெட்டு" என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. "தம்பி, மொதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. புரோட்டா சூடா இருக்கு" என்றார். சாப்பிட்டேன். கையெழுத்தும் போட்டேன். மறுநாள் அடுத்த ஊருக்குப் போகவேண்டும், அடுத்த மாதம் இதே தியேட்டருக்கு வேறு பெட்டியோடு வரவேண்டும், வேறு என்ன செய்ய?

கொரியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுண்ணாம்பு டிக்கெட் நினைவுக்கு வரும். தென் கொரியாவைத்தான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2020 பிப்ரவரியில் 'பாரசைட்' படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. உடனே நம் ஊரிலும், "பார், கொரியாக்காரன் எங்கே போய்விட்டான்!" என்று பேச்சு. முப்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் நிலைமை பரிதாபம். 1993இல் அங்கே விற்ற நூறு டிக்கெட்டில் உள்ளூர்ப் படத்துக்கு விற்றவை பதினாறுகூட இல்லை. மற்றதெல்லாம் ஹாலிவுட்டும் ஹாங்காங்கும்.

திட்டம் போடாமல் அந்த நிலைக்கு வந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். திட்டம் இருந்தது, அளவுக்கு மிஞ்சியே இருந்தது. 1962இல் திரைப்படச் சட்டம் வந்தது. ராணுவ ஆட்சி, தணிக்கை, யார் தயாரிப்பாளர் ஆகலாம் என்பதற்கே அரசுப் பதிவு. வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்தால் நல்ல லாபம். ஆனால் அந்த உரிமம் கிடைக்க வேண்டுமானால் உள்ளூர்ப் படம் எடுத்துக் காட்டவேண்டும். விளைவை நீங்களே ஊகிக்கலாம். கணக்குக்கு ஒரு படம், அவசர அவசரமாக, கிடைத்த காசில். அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? உரிமம் வந்துவிட்டதல்லவா? மானியத்துக்காகவே எடுத்து, மானியம் வந்ததும் பெட்டிக்குள் போன படங்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் 1988இல் அமெரிக்கக் கம்பெனிகள் இடைத்தரகர் இல்லாமல் நேராகவே அங்கே படம் வெளியிடலாம் என்று கதவு திறந்தது. கொரியத் திரைக்காரர்களுக்கு வந்த கோபத்தில், அமெரிக்கப் படம் ஓடிய திரையரங்குகளுக்குள் பாம்பை விட்டார்கள். கதை இல்லை, நிஜப் பாம்பு. பாம்பால் கூட்டம் கலைந்ததே தவிர ஹாலிவுட் கலையவில்லை.

1994இல் நடந்ததை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். அதிபர் கிம் யங்-சாமிடம் ஓர் ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படம் ஈட்டிய வருமானம், 15 லட்சம் ஹூண்டாய் கார் ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று அதில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ஆலையைப் பார்த்தவர்களுக்கு 15 லட்சம் கார் என்றால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று தெரியும். கலை, பண்பாடு என்று எத்தனை வருடம் கெஞ்சியும் திரும்பிப் பார்க்காத அதிகாரிகள், கார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதை முழுக்கப் பிடிக்காது. படத்தைக் காராகப் பார்ப்பவன் கடைசியில் காரைத்தான் எடுப்பான். ஆனால் அந்த ஒப்பீடு வேலை செய்தது, அதை மறுக்க முடியாது.

அரசு செய்தவற்றில் சில, செய்வதை நிறுத்தியவை. 1996 அக்டோபரில் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம், படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் புசான் என்ற துறைமுக நகரத்தில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. 1998இல் அதிபரான கிம் டே-ஜுங், பணம் கொடுப்போம், தலையிட மாட்டோம் என்று கொள்கையை அறிவித்தார். 1973இல் தொடங்கிய அரசுத் திரைப்பட நிறுவனத்தை 1999இல் கொரியத் திரைப்பட கவுன்சிலாக மாற்றினார்கள். திரைத்துறை ஆட்களையே உறுப்பினர்களாக உட்கார வைத்தார்கள். ஆரம்பத்தில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஒரே அடிதடி. சினிமா சங்கம் எந்த நாட்டில்தான் அமைதியாக இருந்தது?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1984இல் கொரியத் திரைப்படக் கலை அகாதமி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். பாரசைட் இயக்குநர் பொங் ஜூன்-ஹோ அங்கே படித்தவர். 2000இல் வந்த அவர் முதல் படம் வசூலில் தோற்றது. அதைக் கவனியுங்கள். முதல் படம் தோற்ற இயக்குநருக்கு இரண்டாவது படம் கிடைத்த ஊர் அது. அந்த இரண்டாவது படம் 2003இல் பெரிய வெற்றி. இங்கே முதல் படம் தோற்ற எத்தனை பேர் சாலிகிராமம் டீக்கடையில் கதை சொல்லியே தலை நரைத்துப் போனார்கள்!

இனி என் சுண்ணாம்பு டிக்கெட். கொரியாவிலும் வாசலில் ஆளை நிறுத்தித்தான் தலை எண்ணியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கும் யாராவது சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பல வருடம் அங்கே நம்பகமாக இருந்தது தலைநகர் சோல் கணக்கு மட்டும்தான். மற்ற ஊர்களுக்கெல்லாம் குத்துமதிப்பு. 2004 வாக்கில் கவுன்சில் ஒரு கணினி வலையமைப்பைக் கொண்டுவந்தது. கவுண்டரில் டிக்கெட் அச்சாகும்போதே எண்ணிக்கை மையக் கணினிக்குப் போய்விடும். தியேட்டர்கள் கொஞ்ச காலம் இழுத்தடித்தன, கடைசியில் சேர்ந்துவிட்டன. இன்றைக்கு அந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நேற்று எந்தப் படம், எத்தனை திரையில், எத்தனை காட்சி, எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கும். நான் திறந்து பார்த்தேன். ஒரு பழைய ரெப்புக்கு அது கோயிலுக்குள் போன மாதிரி இருந்தது.

அவர்கள் முதலில் எண்ணுவது ஆளை, பணம் அப்புறம்தான். ஒரு கோடிப் பேர் பார்த்த படம் என்பது அங்கே ஒரு பட்டம் மாதிரி. நம் போஸ்டரில் நூறு கோடி என்று போட்டால் அது ரூபாய், அதையும் தயாரிப்பாளரே சொல்வார், மறுநாள் எதிர்த் தரப்பு ரசிகர்கள் மறுப்பார்கள். இரண்டு பக்கத்திடமும் தாள் கிடையாது.

கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் அதன்மேல் மற்றதைக் கட்டலாம். 2007இலிருந்து ஒவ்வொரு டிக்கெட் விலையிலும் 3 சதவீதம் திரைப்பட வளர்ச்சி நிதிக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். சின்னப் படம், கலைப்படம் போடும் சிறு அரங்கு, புதியவர்களின் திரைக்கதை என்று அந்தப் பணம் பிரிந்தது. மசாலாப் படத்துக்கு வந்த கூட்டம், அது போகாத படத்துக்குச் சோறு போட்டது. டிக்கெட்டே பொய் என்றால் 3 சதவீதம் எதில் எடுப்பது? முதலீட்டாளர்களும் அப்படித்தான். 1997 பொருளாதார நெருக்கடியில் சாம்சங் போன்ற பெரிய கம்பெனிகள் சினிமாவைவிட்டு வெளியேறின, அந்த இடத்துக்குத் துணிகர முதலீட்டு நிதிகள் வந்தன. அரசும் அவற்றில் தன் பங்கைப் போட்டது. சென்னையில் வட்டிக்கு விடுகிறவர் படத்தைப் பார்ப்பதில்லை, நெகடிவ் ரைட்ஸை, அதாவது அடமானமாக எழுதி வாங்கும் படத்தின் உரிமையைத்தான் பார்ப்பார். முதலீடு செய்கிறவனுக்குப் படமும் வேண்டும், வரவு செலவும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்கிரீன் கோட்டா இருந்தது. தியேட்டர் வருடத்தில் 146 நாள் கொரியப் படம் ஓட்டியாக வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லி அமெரிக்கா வெகுநாள் நெருக்கியது. இயக்குநர்கள் தெருவில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். நடிகர் சோய் மின்-சிக் அரசு தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் 2006 ஜூலையில் கோட்டா 73 நாளாகப் பாதியானது. அதே மாதம் வெளியான பொங்கின் 'தி ஹோஸ்ட்' படத்தை 1 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அப்போது அந்த நாட்டு ஜனத்தொகையே ஐந்து கோடிக்குக் கீழே! பார்த்தீர்களா, கோட்டாவே தேவையில்லை என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாற்பது வருடம் வேலி போட்டு வளர்த்த மரம். வேலியை எடுத்த அன்று அது நின்றதைக் காட்டி, வேலி வீண் என்று எப்படிச் சொல்வது?

'தி ஹோஸ்ட்' சுமார் 620 திரைகளில் வெளியானது. மற்ற படங்களுக்கு இடமே இல்லை என்று அன்றைக்கே கூச்சல். அதற்கப்புறம் மூன்று மல்டிபிளக்ஸ் கம்பெனிகள் கையில் பெரும்பாலான திரைகள் போய்ச் சேர்ந்தன. எண்ணும் இயந்திரம் இதை அழகாக எண்ணிக் காட்டியது, தடுக்கவில்லை. 2011இல் ஓர் இளம் திரைக்கதை எழுத்தாளர் வறுமையில், நோயில், தனியாகச் செத்துப்போனார். பக்கத்து வீட்டாரிடம் மிச்சச் சோறு கேட்டு ஒரு சீட்டு எழுதியிருந்தார். கலைஞர் நலச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. தலையிட மாட்டோம் என்ற வாக்கும் நிலைக்கவில்லை. 2014இல் செவோல் கப்பல் மூழ்கியது பற்றிய ஆவணப்படத்தைப் புசான் விழாவில் போடக்கூடாது என்று நகர மேயர் சொன்னார். விழாக்காரர்கள் போட்டார்கள். அடுத்த வருடம் கவுன்சில் தந்த பணம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அரசுக்குப் பிடிக்காத கலைஞர்கள் என்று 9,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு ஒரு கறுப்புப் பட்டியல் இருந்ததும் பின்னால் வெளியே வந்தது. அதில் பொங் பெயரும் உண்டு. அதற்காக முன்னாள் அமைச்சரே சிறைக்குப் போனார்.

இப்போதைய நிலைமையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் அங்கே 22 கோடியே 60 லட்சம் டிக்கெட் விற்றது. ஆளுக்கு நாலு படத்துக்கு மேல். கொரோனாவுக்குப் பிறகு 2023இல் சுமார் 12 கோடியே 50 லட்சம். வீட்டுத் திரைக்குப் போன கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. டிக்கெட் குறைந்தால் 3 சதவீதமும் குறையும், நிதியும் வற்றும். நெட்ஃபிளிக்ஸ் அங்கே நான்கு வருடத்தில் 250 கோடி டாலர் போடுவதாக 2023இல் அறிவித்தது. ஆனால் அதில் வாசலும் இல்லை, கவுண்டரும் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. எனக்கு அந்த அண்ணாச்சி ஞாபகம் வருகிறது.

நம் நாட்டில் திட்டமே போடவில்லையா என்றால், கொரியாவுக்கு முன்பே போட்டோம். 1949இல் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு, 1951இல் அறிக்கை. நிதிக் கழகம் வேண்டும், பயிற்சிக் கல்லூரி வேண்டும், துறை முழுவதற்கும் ஒரு கவுன்சில் வேண்டும் என்றார்கள். நிதிக் கழகமும் புனே கல்லூரியும் 1960இல் வந்தன. கவுன்சில் வரவேயில்லை. 1998இல் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தந்தார்கள். வங்கிக் கடன் கிடைக்கும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். வங்கிக்காரர், போன படத்தின் வசூல் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? தமிழ்நாட்டில் 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றார்கள். பெயர்கள் தமிழாயின. நல்லதுதான். படத்தின் நிலைமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த உரைக்காகப் போன வாரம், ஒரு தியேட்டரில் மேனேஜராக இருக்கிற தெரிந்த தம்பிக்குப் போன் போட்டேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் டிக்கெட், கேட்டால் உடனே சொல்லிவிடுவான் என்று நினைப்பு. "நேத்து நைட் ஷோவுக்கு எத்தனை பேர்ப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீங்க எதுக்குக் கேக்குறீங்கன்னு சொல்லுங்கண்ணே, அதுக்குத் தக்கன சொல்றேன்" என்றான்.

நன்றி, வணக்கம்.