அறுப்பின் பண்டிகையில் எல்லா வயதினருக்கும் வேலை உண்டு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமத் திருச்சபைகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை வயலே ஆலயத்துக்குள் வந்து சேரும் நாள் ஒன்று உண்டு. அறுப்பின் பண்டிகை என்றும் ஸ்தோத்திரப் பண்டிகை என்றும் அதைச் சொல்கிறோம். பீடத்தின் இரு பக்கமும் வாழையும் கரும்பும் கட்டி, ராகி மூட்டை, சாமை, கொள்ளு, தேங்காய், பரங்கிக்காய், கூடை நிறையத் தக்காளி, கால் கட்டிய சேவல் என்று அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் கொண்டுவந்து வைத்து, விளைச்சலைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஆராதித்து, பின்னர் அந்தப் பொருள்களை ஏலம் விட்டு, எல்லோரும் சேர்ந்து உணவருந்திக் கலைகிறோம். கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் ஊர் அறிந்த பண்டிகைகள். இந்தப் பண்டிகையைப் பற்றி ஆலயத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் கைக்குழந்தை முதல் ஊன்றுகோல் பிடித்த பெரியவர் வரை எல்லோரையும் ஒரே ஆராதனையில் மெய்யாகவே பங்குகொள்ளச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்தப் பண்டிகை நம்மிடம் வந்த வழி நீண்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூரின் குருவாக இருந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1843-ஆம் ஆண்டில் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்தே இன்றைய வடிவிலான அறுப்பின் பண்டிகை ஆங்கிலேயத் திருச்சபைகளில் பரவியது. ஜெர்மானிய லுத்தரன் மரபிலும் இதே போன்ற நன்றி நாள் உண்டு. சேலத்தில் 1827 முதல் பணியாற்றிய லண்டன் மிஷன், 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய லுத்தரன் மிஷனெரி தியோடர் நேத்தர் போன்றோரின் வழியாக, இவ்விரு மரபுகளின் ஆராதனை முறைகளும் நம் பகுதிக்கு வந்தன. ஆயினும் பண்டிகையின் வேர் மேலைநாட்டில் இல்லை. அது வேதாகமத்தில் இருக்கிறது. கோதுமை அறுப்பின் முதற்பலனைச் செலுத்தும் வாரங்களின் பண்டிகையை இஸ்ரவேலர் எப்படி ஆசரிக்க வேண்டும் என்று உபாகமம் 16-ஆம் அதிகாரம் சொல்லும்போது, யார் யார் மகிழ வேண்டும் என்று ஒரு வரிசையையே தருகிறது. நீயும் உன் மகனும் உன் மகளும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் ஊரில் உள்ள, ஆலயப் பணி செய்யும் லேவியனும், உன் நடுவில் இருக்கிற பரதேசியும், அதாவது வேற்றிடத்திலிருந்து வந்து தங்கியவனும், திக்கற்ற பிள்ளையும் விதவையும் என்று நீளுகிற அந்த வரிசையில் வயதால் தள்ளப்பட்டவர் ஒருவரும் இல்லை. நிலம் இல்லாதவரும் தள்ளப்படவில்லை. மகனைச் சொன்ன வாயால் மகளையும் சேர்த்துச் சொல்கிறது அந்தச் சட்டம். பெண் சிசுக்களைக் காப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவரப்பட வேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது; இங்கே அந்த ஒரு சொல்லை வேகமாக வாசித்துக் கடந்து போக என்னால் முடிவதில்லை.

இப்போது நம் நடைமுறையைப் பார்ப்போம். பண்டிகை நாளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வண்ண உடை உடுத்தி அழைத்து வருகிறோம். அவர்கள் ஒரு பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். பெற்றோர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். கைதட்டல் முடிந்ததும், பிரசங்க நேரத்தில் சத்தம் போடுவார்கள் என்று பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுகிறார்கள். பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைக்கிறது; அதற்கு மேல் அவர்களிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆக, ஒரே கூரையின் கீழ் எல்லா வயதினரும் கூடியிருந்தும், ஆராதனையை நடத்துவது நடுவயதினர் சிலர் மட்டுமே. யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் பிள்ளை பார்க்கப்படுவதற்கும் முதியவர் பார்ப்பதற்கும் மட்டும் வருகிற ஆராதனை பண்டிகையின் இயல்புக்கு மாறானது என்றே நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு வயதுக்கும் உரிய மெய்யான வேலையை ஆராதனைக்குள்ளேயே கொடுப்பதுதான் இதற்கு வழி. பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிறிய திருச்சபையில் நான் கண்டதைச் சொல்கிறேன். எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியைப் பீடத்துக்கு முன்னால் பாயில் உட்கார வைத்து, அவர் கையில் ஒரு முறமும், பக்கத்தில் களத்திலிருந்து வந்தபடியே தூசியோடு இருந்த ராகியும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டி முதலில் ஒரு முழுக் கதிரை எடுத்துக் காட்டினார். பாதி மூடிய கைவிரல்களைப் போல வளைந்திருக்கும் அந்தக் கதிரை, பெங்களூருவில் வளரும் பேரப்பிள்ளைகள் அன்றுதான் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர் ராகியை முறத்தில் அள்ளிப் புடைத்தார். உமியும் தூசியும் முன்பக்கம் பறந்து விழுந்தன. அடுத்து முறத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிக் கொழித்தபோது, சிறு கற்கள் ஒரு பக்கம் ஒதுங்கின. ஒரு சிறுமி தானும் செய்து பார்க்கக் கேட்டாள். முறம் சரிந்து பாதி ராகி பாயில் கொட்டியது. பாட்டி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் கையின் மேல் தன் கையை வைத்து இரண்டு முறை புடைத்துக் காட்டினார். அந்த நேரத்தில் போதகர் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து முதலாம் சங்கீதத்தை வாசித்தார். துன்மார்க்கர் காற்றுப் பறக்கடிக்கும் பதரைப் போல இருக்கிறார்கள் என்ற வசனம் வந்தபோது, பாயின் மேல் கிடந்த உமியைப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வசனத்துக்குத் தனியாக விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அன்றைய பிரசங்கத்தின் பெரும்பகுதியைச் செய்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டிதான்.

பெரியவர்களிடம் கேட்டுப் பெற வேண்டியது இன்னொன்றும் உண்டு. உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில், முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிற விவசாயி ஆசாரியன் முன் நின்று ஓர் அறிக்கை செய்ய வேண்டும். அந்த அறிக்கை இந்த ஆண்டு எத்தனை மூட்டை விளைந்தது என்று தொடங்குவதில்லை. தன் மூதாதை நாடோடியாக எகிப்துக்குப் போனதையும், அங்கே அடிமைப்பட்டு ஒடுக்கப்பட்டதையும், கூக்குரலைக் கர்த்தர் கேட்டதையும் சொல்லித்தான் கைக்கூடைக்கு வருகிறது. நன்றி சொல்வதற்கு நினைவு வேண்டும். நம் சபையில் அந்த நினைவைச் சுமந்திருப்பவர்கள் பெரியவர்கள். மழை பொய்த்த ஆண்டில் கொள்ளை வேகவைத்துத் தின்று பிள்ளைகளை வளர்த்தது, கிணறு வறண்டபோது குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கட்டட வேலைக்குப் போனது, அப்போது அண்டை வீட்டார் மாட்டைப் பார்த்துக்கொண்டது ஆகியவற்றையெல்லாம் அவர்கள் ஆராதனையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்று, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காப் பண்டிகையைக் குறித்து யாத்திராகமம் 12-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதே முறையில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, தாத்தா, நாம் ஏன் ராகியைக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம் என்று கேட்கட்டும். தாத்தா பதில் சொல்லட்டும். கேள்வியைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது. பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டும். சாட்சி ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் முன்கூட்டியே அதைச் சொல்லும் பெரியவருடன் உட்கார்ந்து பேசிக்கொள்வதும் நல்லது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழியிலேயே பேசட்டும். பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் சொல்லட்டும்.

இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு முந்தைய நாளில் பொருள்களைச் சேகரிக்கும் வேலையை வாலிபர் ஐக்கியம் ஏற்கெனவே செய்துவருகிறது. அத்துடன், நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் சபையாரைத் தேடிச் சென்று, அவர்கள் கையால் ஒரு பிடி தானியமோ ஒரு முட்டையோ வாங்கி, அதை அவர்கள் பெயரைச் சொல்லிப் பீடத்தில் வைக்கும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். வண்டியோடு வாசலில் நிற்கிற பையனுக்கு அந்த வண்டியைக் கொண்டே செய்யக்கூடிய ஊழியம் இது. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்கள், எங்களுக்கு வயலும் இல்லை, அறுப்பும் இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பின் பலனும் முதற்பலன்தான். தாங்கள் செய்கிற பொருளில் ஒன்றையோ வேலைக் கருவியையோ அவர்கள் ராகிக் கதிருக்குப் பக்கத்தில் வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஏலத்தைப் பற்றி எனக்குச் சற்றுக் கண்டிப்பான கருத்து உண்டு. ஆலயப் பணிகளுக்கு அந்த வருவாய் தேவை என்பதை அறிவேன். ஆனால் ஒரு பரங்கிக்காய்க்கு இரண்டு வசதியான வீட்டார் போட்டியிட்டுக் கேட்பதும், மற்றவர்கள் வெயிலில் காத்திருப்பதும், ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் மீண்டும் மீண்டும் ஒலிப்பதும் நன்றி ஆராதனையின் தொடர்ச்சியாக எனக்குத் தோன்றவில்லை. தேங்காய், எலுமிச்சை, கொய்யா போன்ற சிறு பொருள்களை முதலில் எடுத்து, பிள்ளைகள் மட்டும் தங்கள் சில்லறைக் காசில் கேட்கும்படி விட வேண்டும். பத்து ரூபாய்க்கு ஒரு கொய்யாவை எடுத்து அதைத் தன் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை, கொடுப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்கிறது. ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறு பையன் என்று யோவான் சுவிசேஷம் குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஏலம் விடாமல் ஒரு பங்கை ஒதுக்கியும் வைக்க வேண்டும். அறுக்கும்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று, பண்டிகைகளை வரிசைப்படுத்தும் லேவியராகமம் 23-ஆம் அதிகாரமே அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த வசனத்தில் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படி கதிர் பொறுக்க வந்த விதவையான மருமகள் ரூத்தும், முதிய மாமியார் நகோமியும் பசியாறியதை நாம் அறிவோம்.

சில சிறிய ஏற்பாடுகளையும் மறக்கக் கூடாது. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால் பாயில் என்ற வழக்கமான அமர்வை அந்த ஒரு நாள் மாற்றி, குடும்பமாக உட்காரச் சொல்லலாம். துணையின்றித் தனியாக வருகிற விதவையையோ முதியவரையோ ஒரு குடும்பம் தன்னோடு உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். பந்தியில் பிள்ளைகளும் பெரியவர்களும் முதலில் உட்காரட்டும். பிரியாணியோடு ராகிக் களியும் கீரைக் கடைசலும் இருந்தால், பல் இல்லாதவர்களும் வயிறார உண்பார்கள். பீடத்தில் வைத்த தானியம் இலையிலும் வந்ததைப் பிள்ளைகள் காண்பார்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மானாவாரி ராகி நம் பக்கத்தில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் அறுவடையாகிறது. மா வைத்திருக்கும் கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு மே, ஜூன் மாதங்கள் அறுப்புக் காலம். புளி உலுக்குவது கோடையின் தொடக்கத்தில். வழக்கமான தேதி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, வயலில் ஒன்றும் இல்லாத வேளையில் சந்தையில் காய்கறி வாங்கிப் பீடத்தை நிரப்புவதைவிட, தன் ஊரின் அறுவடையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையைச் சபை தேர்ந்துகொள்வது நல்லது. அப்படித் தேர்ந்துகொண்டால், விதைப்பு நாளிலேயே பிள்ளைகளின் வேலை தொடங்கிவிடும். ஆலய வளாகத்தில் ஒரு சிறு பாத்தியில் ராகி விதைத்து, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே களை எடுத்து வளர்த்து அறுத்தால், பண்டிகையன்று அவர்கள் பீடத்துக்குக் கொண்டுவருவது அவர்களே விளைவித்த கதிராக இருக்கும். ராகி முதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும் என்பதால், இதைப் பற்றிய முடிவைத் திருச்சபைக் குழு ஆடி மாதத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

செவிமடுத்த நேயர்களுக்கும் வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.