நின்றுபோன யெஸ்டியை ஓட வைப்பது எப்படி? கிக் அடிப்பதற்கு முன் ஆயில் சீலைப் பாருங்கள்

(திரையில்: ஸ்டாண்டில் நிற்கும் யெஸ்டி 250. கேமரா எஞ்சினை நெருங்குகிறது.)

வணக்கம். பல வருடமாகக் கொட்டகையில் நின்ற பழைய யெஸ்டி பைக்கை எடுத்தால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். புது பிளக், புது பெட்ரோல், கார்ப்ரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிவிட்டு ஒரு கிக். பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு நாள் நன்றாக ஓடும். அப்புறம் ஒரு நாள் ஹைவேயில் வேகம் பிடிக்கும்போது பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்று, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

காரணம் கிராங்க் கேஸ், அதாவது சிலிண்டருக்கு அடியில் கிராங்க் தண்டு சுற்றும் பெட்டி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் அதற்குள் ஆயில் இருக்கும், அவ்வளவுதான். யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அதுதான் எஞ்சினின் நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியில் உண்டாகும் உறிஞ்சலில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் சிலிண்டருக்கு ஏறுகிறது. இது நடக்க கிராங்க் கேஸில் துளி ஓட்டை இருக்கக் கூடாது. கிராங்கின் இரண்டு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள்தான் அதைக் காக்கின்றன.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் ஜாவா என்ற பெயரில் ஆரம்பித்து, பிறகு யெஸ்டி என்ற பெயரில் வண்டி செய்தது. 1996-ல் மூடிவிட்டார்கள். அதாவது அந்தக் கம்பெனியின் கடைசி வண்டிக்கே சுமார் 30 வயது ஆகிவிட்டது. சீலை யாரும் மாற்றவில்லை என்றால் அந்த ரப்பருக்கும் அதே வயது. காய்ந்து, விறைத்து, உதடு தேய்ந்திருக்கும். அந்த இடைவெளியில் வெறும் காற்று உள்ளே போகும். யெஸ்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் கலந்து வருகிறது. ஆகவே கலவையில் பெட்ரோலின் அளவு குறைந்தால் சூடு ஏறுகிறது, அதே நேரம் பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயிலும் குறைகிறது.

(திரையில்: பிளக் துளை வழியே டார்ச் வெளிச்சம்.)

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிஸ்டன் நகர்கிறதா என்று பாருங்கள். ஜாம் ஆகியிருந்தால் கிக்கரை மிதித்து விடுவிக்க நினைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல் போய்விடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள்.

அடுத்து காற்றுச் சோதனை. இதற்காகத்தான் இந்த வீடியோவே. யெஸ்டிக்கு சைலன்ஸர் இரண்டு. இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் வைத்து அடையுங்கள், கார்ப்ரேட்டர் வரும் வாயையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழ் எல்லைக்கு இறக்கி வையுங்கள். அப்போதுதான் மேலிருந்து கிராங்க் கேஸுக்கு வழி திறந்திருக்கும். பிளக் துளையில் ஒரு அடாப்டர் மாட்டி, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ வரை மட்டும் காற்றை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் வெளியே பிதுங்கிவிடும். கேஜ் முள்ளைக் கவனியுங்கள். அது இறங்கினால் ஹெட், சிலிண்டர் அடி, கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வலப்பக்க மூடியைக் கழற்றி, டைனமோவுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே நுரை பொங்கினால் அந்தப் பக்கச் சீல் போய்விட்டது. பிறகு கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வந்தால் கிளட்ச் பக்கச் சீல். அந்தச் சீல் கெட்டுப்போன வண்டி கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும்.

சீல் விலை மலிவுதான். வேலைக்கூலியைப் பார்த்து தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ஒரு ரீபோர் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மற்றவை தெரிந்த வேலைகள்தான். டேங்கில் துரு இருந்தால் வினிகர் ஊற்றி ஊற வைத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து, உடனே 2டி ஆயிலைச் சுழற்றி விடுங்கள். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வையுங்கள். கண்டென்சரைப் புதிதாகவே போடுங்கள். 6 வோல்ட் பேட்டரிக்கு நல்ல சார்ஜ் இருக்க வேண்டும், ஸ்பார்க் அதிலிருந்துதான் வருகிறது. சைலன்ஸர் உள் குழாயில் கரி அடைத்திருந்தால் வண்டி இழுக்காது, அதையும் உருவிச் சுத்தம் செய்யுங்கள்.

(திரையில்: அளவுக் குவளையில் ஆயில்.)

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில். பெட்ரோல் காக்கை (டேங்கின் அடியில் உள்ள குழாய்த் திருகை) திறந்து, கார்ப்ரேட்டர் மேலுள்ள டிக்ளர் என்ற சிறு பொத்தானை அமுக்கிப் பெட்ரோல் கசியும்வரை பிடியுங்கள். யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. நியூட்ரலில் வைத்து, லீவரை உள்பக்கம் அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். சாவி போடாமல் இரண்டு மிதி, சாவி போட்டு ஒரு மிதி. அந்த டப்-டப் சத்தத்தைப் பல வருடம் கழித்துக் கேட்கும்போது வரும் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் புகை மண்டும், பயப்பட வேண்டாம். பழைய ஆயில் எரிகிறது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக அலறினால் உடனே சாவியை மூடுங்கள். எங்கோ இன்னும் காற்று போகிறது. கொஞ்சம் ஓட்டியதும் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, மலை இறக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடி, கியரிலேயே இறங்கினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பெட்ரோலும் வராது, ஆயிலும் வராது. அவ்வப்போது லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து இறங்குங்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெட்ரோல் டியூபை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். வண்டியைச் சில வாரம் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் காக்கை மூடி, கார்ப்ரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓட விடுங்கள். அந்தக் கடைசி நொடிகளில் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள்.